லெட்டர் பாக்ஸ் கம்பம் ரோட்டுப் பக்கமா சாஞ்சுட்டு நிக்கு, தோண்டாம நிமித்த வழி உண்டா? (டர்பன்)

நெல்லைக்காரன்_டர்பன்

எல்லாருக்கும் வணக்கம். சாட்ஸ்வர்த்ல ஒரு பழைய வீடு வாங்கி குடி வந்துருக்கோம். வீடு மேட்டுல, ரோடு கீழ, டிரைவ்வே சரிவா இறங்கும். கேட்டுக்கு வெளிய ஒரு மரக்கம்பம், நாலுக்கு நாலு இஞ்ச் இருக்கும், அது மேல தகர லெட்டர் பாக்ஸ், வீட்டு நம்பரும் அதுலதான் எழுதிருக்கு. பழைய ஓனர் எப்பவோ நட்டது. இப்ப அது ரோட்டப் பாத்து கும்பிடு போடுத மாதிரி சாஞ்சு நிக்கு, கைய வச்சு ஆட்டுனா ஆடுது, மழை பெஞ்சா டிரைவ்வே தண்ணி பூரா அது காலடியிலதான் வந்து தேங்குது. போதாததுக்கு குரங்கு வேற, சுவத்துல இருந்து நேரா பாக்ஸ் மேல குதிச்சு அங்கிருந்து பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் போகுது, தினமும்.

யூடியூப்ல பாத்தா எல்லாம் அமெரிக்கா வீடியோவா வருது. ஒருத்தன் கம்பத்த நிமித்தி சுத்தி ஒரு ஃபோம் ஊத்துதான், இன்னொருத்தன் பழசப் புடுங்கி எறிஞ்சுட்டு சிமெண்ட் போடுதான், இன்னொருத்தன் உயரம் 41ல இருந்து 45 இஞ்சுக்குள்ள இருக்கணும், ரோட்டு ஓரத்துல இருந்து 6 இல்ல 8 இஞ்ச் தள்ளி இருக்கணும்னு டேப் வச்சு அளந்து காட்டுதான். இதெல்லாம் இங்கயும் ரூலா? ஆள் வச்சு செய்ய கேட்டா ஒரு கம்பத்துக்கு கேக்குற காசுக்கு நானே பண்ணிக்கலாம்னு தோணுது. கடப்பாரை, மண்வெட்டி, ஒரு டிரில் மெஷின் இருக்கு. தோண்டாம முடிஞ்சா சந்தோசம்.

பூட்டாத_கேட்

லெட்டர் வருதா ப்ரோ உங்க ஏரியால? போஸ்ட் ஆபீஸே 2023 ஜூலைல பிசினஸ் ரெஸ்கியூக்கு, அதான் திவாலாகாம காப்பாத்துற ஏற்பாட்டுக்குப் போயிருச்சு. எங்க தெருவுல பாக்ஸ்ல பல்லிதான் குடியிருக்கு.

நெல்லைக்காரன்_டர்பன்

ஹா ஹா, லெட்டர் வர்றது அபூர்வம்தான். ஆனா முனிசிபாலிட்டி பில்லு, கோயில் நோட்டீஸ், சூப்பர்மார்க்கெட் பேப்பர் எல்லாம் அதுலதான் சொருகிட்டுப் போறாங்க, அத விட முக்கியம் அந்த நம்பர், டெலிவரிக்காரன் அதப் பாத்துதான் நிக்கான். எங்க தெருவுல பாதி வீட்டுக்கு நம்பரே தெரியாது, ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தா தேடிட்டு நிக்கும்.

கொலுறு_மேஸ்திரி

தம்பி, ஊர்ல இருந்து காண்ட்ராக்ட்ல வந்து இங்கயே தங்கிட்ட கொத்தனார் நான். மொதல்ல ஒண்ணு பாருங்க, அப்புறம் சாமான் வாங்கலாம். கம்பத்தப் புடிச்சு ஆட்டும்போது கீழ என்ன ஆடுதுன்னு பாருங்க. மேல் மண்ண ஒரு சாண் ஆழத்துக்கு ஒதுக்கிட்டு ஆட்டுங்க. கீழ இருக்குற காங்கிரீட் உருண்டையும் சேந்து ஆடுனா மண்ணு விட்டுருச்சுன்னு அர்த்தம், மரம் நல்லா இருக்கலாம். காங்கிரீட் அசையாம மரம் மட்டும் அதுக்குள்ள லொடலொடன்னு ஆடுனா மரம் இத்துப்போச்சு இல்ல சுருங்கிருச்சு. ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து மண்ணு மட்டத்துல, அதுக்கு மேல ரெண்டு விரல் கீழ நாலு விரல், சுத்தி குத்திப் பாருங்க. மரம் இத்துப்போறது எப்பவும் அந்த எடத்துலதான், ரொம்ப ஆழத்துல காத்து இல்ல, மேல ஈரம் நிக்காது, மண்ணு மட்டத்துல ரெண்டும் இருக்கு, பூஞ்சைக்கு அது போதும். டிரைவர் அரை இஞ்சுக்கு மேல சுலபமா உள்ள போச்சுன்னா அந்தக் கம்பத்த மறந்துருங்க, நிமித்தி என்ன ஊத்துனாலும் அடுத்த காத்துக்கு ஒடியும்.

சன்னி_அங்கிள்_யூனிட்3

வாங்க வாங்க நம்ம சாட்ஸ்வர்த்துக்கு. நான் இங்கயே பொறந்து வளந்தவன், தமிழ் எழுத சனிக்கிழமை கிளாஸ்ல கத்துக்கிட்டது, தப்பு இருந்தா விடுங்க.

அந்த 41 இஞ்ச் கதை எல்லாம் நமக்கு இல்ல. அமெரிக்காவுல போஸ்ட்காரர் வண்டிய விட்டு இறங்காம ஜன்னல் வழியா கைய நீட்டி போடுவாரு, அதான் அந்த உயரம், ரோட்டு ஓரத்துலயே வைக்கணும்னு. கார் மோதுனா கம்பம் ஒடிஞ்சு விழணும், ஆளு சாகக்கூடாதுன்னு நாலுக்கு நாலு மரமோ ரெண்டு இஞ்ச் பைப்போதான் வைக்கச் சொல்றாங்க, 24 இஞ்சுக்கு மேல புதைக்கவும் வேணாம்னு. இங்க போஸ்ட்காரர் நடந்து வருவாரு இல்ல பைக்ல வருவாரு, கேட்டுப் பக்கத்துல நின்னு போடுற மாதிரி இருந்தா சரி. ஆனா சீக்கிரம் ஒடியுற கம்பம்ங்கிற அந்த யோசனை நல்ல யோசனை, ரோட்டு ஓரத்துல ரயில் தண்டவாளத்த நட்டு வைக்காதீங்க. நட்டு வச்ச ஆளுங்கள பாத்திருக்கேன்.

அங்க குளிர் ஊர்ல மண்ணுக்குள்ள தண்ணி உறைஞ்சு கம்பத்த மேல தூக்கும், அதுக்காக அவங்க வேலி மாதிரி மத்த கம்பத்துக்கு ஆழமா தோண்டணும்பாங்க. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. நமக்கு மழை. அக்டோபர்ல ஆரம்பிச்சா மார்ச் வரைக்கும். 2022 ஏப்ரல்ல வந்த வெள்ளத்துல எங்க வீட்டு மண்மேடு சரிஞ்சு வேலி, கம்பம் எல்லாம் கீழ் வீட்டுத் தோட்டத்துல கெடந்துச்சு. வேலைய ஜூன் ஜூலைல வச்சுக்கோங்க, மண்ணு காஞ்சிருக்கும்.

இன்னொண்ணு, கேட்டுக்கு வெளிய இருக்குற வெர்ஜ், அதான் ரோட்டு ஓரத் துண்டு நிலம், முனிசிபாலிட்டி எடம். தண்ணி மீட்டர் அங்கதான் இருக்கும், ஃபைபர் வயர் பல தெருவுல ஆழமே இல்லாம போட்டிருக்காங்க. கடப்பாரைய ஓங்கிப் போடறதுக்கு முன்னாடி மீட்டர் எங்க, பைப் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துக்கோங்க. மொதல் ஒரு அடி மண்வெட்டியால மெதுவா. ஒரு தெருவுக்கே இன்டர்நெட் போச்சுன்னா அப்புறம் யாரும் பேச மாட்டாங்க.

நெல்லைக்காரன்_டர்பன்

மேஸ்திரி அண்ணாச்சி சொன்ன மாதிரி பாத்தேன். ரெண்டும்! உருண்டை ஆடுது, ஸ்க்ரூ டிரைவரும் ரோட்டுப் பக்கம் வெண்ணெய்ல போற மாதிரி போகுது. உருண்டையும் சின்னது, ஒரு பக்கெட்ட கவுத்த அளவுதான் இருக்கும். மரத்துக்குள்ள வெள்ளையா கரையான் வழி மாதிரி மண் கோடு இருக்கு.

மண்ணு சிவப்பு. ஈரமா எடுத்து உருட்டுனா கயிறு மாதிரி வரல, ஒடிஞ்சுருது.

கொலுறு_மேஸ்திரி

கயிறா திரண்டா களிமண்ணு, வெயில்ல சுருங்கி மழைக்கு உப்பி கம்பத்த ஆட்டும். உங்களுது ஒடியுதுன்னா மணல் ஜாஸ்தி. டர்பன்ல பெரியாங்கிற (Berea) மேட்டுல இருக்குற அந்த சிவப்பு மணல் மாதிரிதான் போல, காஞ்சா கல்லு மாதிரி நிக்கும், தண்ணி ஓடுனா பொலபொலன்னு விட்டுரும். அதான் உங்க கம்பம் தண்ணி போற பக்கமாவே சாஞ்சிருக்கு. கம்பம் மாத்துறது பாதி வேலைதான், டிரைவ்வே தண்ணிய வேற பக்கம் திருப்பலைன்னா புதுசும் இதே கதிதான். ஒரு செங்கல் வரிசையோ, ஒரு சாண் அகலத்துல சின்ன வாய்க்காலோ வெட்டி தண்ணிய அந்தாண்ட தள்ளி விடுங்க, அத மொதல்ல செய்யுங்க.

பழைய உருண்டைய எடுக்க மல்லுக்கட்ட வேணாம். கம்பத்த மண்ணு மட்டத்துக்குக் கீழ அறுத்துட்டு மூடிருங்க, ஒரு ஒன்றரை அடி தள்ளி புதுக் குழி போடுங்க. அசையாத மண்ணுல தோண்டுன குழிதான் கம்பத்தப் புடிக்கும், உருண்டைய நோண்டி எடுத்த பெரிய பள்ளத்துல நட்டா சுத்தி ரொப்புன மண்ணு எறங்கிட்டே இருக்கும்.

நான் சொல்லப்போனா மரக்கம்பத்துக்கு காங்கிரீட்டே போட மாட்டேன். ஜல்லியும் கல்லுப்பொடியும் கலந்து, நாலு அஞ்சு இஞ்சுக்கு ஒரு தடவ கொட்டி கடப்பாரையோட மொண்ணைப் பக்கத்தால நல்லா இடிச்சு இடிச்சு மேல வரணும். தண்ணி கீழ வடிஞ்சுரும், மரம் காயும். இடிக்கிறதுல சோம்பேறித்தனம் பண்ணா மட்டும்தான் ஆடும்.

சன்னி_அங்கிள்_யூனிட்3

மேஸ்திரி, தட்டையான எடத்துல நீங்க சொல்றது ரைட்டு. சரிவுல, அதுவும் அந்த மண்ணுல, ஒரு பெரிய மழை வந்தா ஜல்லி ரோட்டுல கெடக்கும். நான் காங்கிரீட்தான் சொல்லுவேன், ஆனா அடிய மூடக்கூடாது. காங்கிரீட்ல ஒரு கிண்ணம் மாதிரி பண்ணி அதுக்குள்ள மரத்த நட்டா தண்ணி உள்ள எறங்கி வெளிய போக வழியில்லாம மரம் ஊறிக்கிட்டே இருக்கும், நம்ம தம்பி வீட்டுப் பழைய கம்பமும் அதனாலதான் போயிருக்கும். குழியோட அடியில அரை அடிக்கு கொஞ்சம் கம்மியா வெறும் ஜல்லி, அது மேல கம்பம் நேரா உக்காரணும், காங்கிரீட் சுத்தி மட்டும். மேல மண்ணுக்கு ரெண்டு இஞ்ச் உசரமா வந்து, நாலு பக்கமும் சரிவா தேய்ச்சு விடணும், தண்ணி கம்பத்த விட்டு ஓடணும். குழி வாய விட அடி கொஞ்சம் அகலமா இருந்தா காங்கிரீட் மேல எழும்பாது.

மரம் வாங்கும்போது H4ன்னு முத்திரை பாத்து வாங்குங்க, எந்த எடத்துக்குத் தாங்குற மாதிரி மருந்து ஏத்துன மரம்னு காட்டுறது அது. கட்டையோட நுனியில டேக் அடிச்சிருக்கும் இல்ல மையில குத்திருக்கும். H2 வீட்டுக்கூரைக்கு, H3 வெளிய ஆனா மண்ணுல படாம, மண்ணுக்குள்ள போறதுக்கு H4, எப்பவும் ஈரமா இருக்குற எடத்துக்கு H5. கடைக்காரப் பையன் எல்லாம் ஒண்ணுதான் அங்கிள்னு சொல்லுவான், நம்பாதீங்க. பச்சையா இருந்தா எல்லாம் H4 இல்ல. நான் என்ன வாங்குவேன்னா 1.8 மீட்டர் கம் போல், அந்த உருண்டைக் கம்பம், வேலிக்கு விக்கிறாங்கல்ல, அதுல நாலு இஞ்ச் தடிமன். அடி ஜல்லி போக அரை மீட்டர்கிட்ட மண்ணுல, மிச்சம் மேல.

ரொம்ப முக்கியம்: நீளம் ஜாஸ்தின்னு அறுத்தா அறுத்த முனைய மண்ணுக்குள்ள வைக்காதீங்க. மருந்து கட்டையோட வெளிப்பக்கம்தான் நல்லா ஏறிருக்கும், நடு மரத்துல இருக்காது, அறுத்த எடம் கரையானுக்கு வாசல் தொறந்து விட்ட மாதிரி. அறுத்த முனை மேல, ஃபேக்டரி முனை கீழ.

கடலோரத்து_டீச்சர்

வணக்கம். நான் மொரிஷியஸ், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன், இந்தப் பேச்சைப் பார்த்ததும் எழுதலாம் என்று தோன்றியது. எங்கள் தீவில் நிறைய இடத்தில் ஓர் அடி தோண்டினால் கருங்கல் வந்துவிடும், எரிமலைக் கல், கடப்பாரை துள்ளும். அதனால் நாங்கள் மதில் சுவரிலேயே பெட்டியைப் பதித்துவிடுகிறோம். உங்களுக்குச் சுவர் இருக்கிறதே, அதிலிருந்துதானே குரங்கு குதிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதிலேயே நான்கு போல்ட் போட்டு மாட்டினால் கம்பமே வேண்டாமே அண்ணா?

கம்பம்தான் வேண்டும் என்றால் ஆணி, ஸ்க்ரூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கடல் காற்றில் சாதாரண ஸ்க்ரூ ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடித்துப் பெட்டியின் மேல் காப்பி நிறத்தில் ஒழுகும். அதுவும் அந்தப் பச்சை மருந்தில் செம்பு இருக்கிறது, மெல்லிசாக மினுமினு பூச்சு பூசிய மலிவு ஸ்க்ரூவை அது இன்னும் சீக்கிரம் தின்னும். ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள், கடலுக்குப் பக்கம் என்றால் 316 என்று கேட்டு வாங்குங்கள், கொஞ்சம் உள்ளே தள்ளி என்றால் 304 தாங்கும். அல்லது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, சொரசொரப்பாக மங்கலாக இருக்கும், அது.

இங்கே புயல் எச்சரிக்கை வந்தால் பெட்டியின் கதவைக் கம்பியால் கட்டிவிடுவோம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது எங்கள் தெருவில் பறந்தது பெட்டிகளின் கதவுகள்தான், பெட்டி அப்படியே இருந்தது.

நெல்லைக்காரன்_டர்பன்

டீச்சர், சுவருல மாட்டலாம்னுதான் எனக்கும் ஆசை. ஆனா சுவரு கேட்டுல இருந்து உள்ள தள்ளி வளைஞ்சு போகுது, அங்க மாட்டுனா ரோட்டுல இருந்து நம்பர் தெரியாது. வீட்டுல இருக்கவ ஏற்கனவே சொல்லிட்டா, "கம்பத்த நடுங்க, கதைய நிறுத்துங்க"ன்னு.

சரி, சன்னி அங்கிள் வழிலயே போறேன், எங்க சரிவுக்கு ஜல்லி மட்டும் நிக்காதுன்னு எனக்கும் படுது. மேஸ்திரி அண்ணாச்சி கோவிச்சுக்கக் கூடாது, தண்ணி திருப்புற வேலைய நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன், பழைய செங்கல் கெடந்துச்சு. சிமெண்ட் எவ்வளவு வாங்க? 50 கிலோ மூட்டையா வாங்கணுமா? அந்த ரெடி மிக்ஸ் பைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கொலுறு_மேஸ்திரி

கோவம் எதுக்கு, உங்க வீட்டு மண்ணு உங்களுக்குத்தான் தெரியும்.

குழி ஒரு அடி அகலம் ரெண்டு அடி ஆழம்னு வைங்க. அடியில ஜல்லி, நடுவுல கம்பம் போக சுமார் 70 கிலோ காங்கிரீட் புடிக்கும். 25 கிலோ ரெடி மிக்ஸ் பை மூணு போதும். தனியா கலக்குனா கால் மூட்டை சிமெண்ட்தான் செலவாகும், மிச்சம் முக்கால் மூட்டை கராஜ்ல கல்லாயிரும், வேற வேலை இல்லைன்னா ரெடி மிக்ஸே வாங்கிருங்க. தனியா கலக்குறதா இருந்தா ஒண்ணுக்கு ரெண்டு மணல், நாலு ஜல்லி. ஆத்து மணல் கேளுங்க, பூச்சு மணல் வேணாம். தண்ணி கம்மியா ஊத்துங்க, கையில புடிச்சா உருண்டையா நிக்கணும். ஆளுங்க செய்யுற பெரிய தப்பு பாயசம் மாதிரி கலக்குறது, அது காஞ்ச பின்னாடி பொத்தல் பொத்தலா வரும், பலம் இருக்காது.

ஊத்துறதுக்கு முன்னாடி முட்டு குடுங்க. ரெண்டு கட்டை, ஒண்ணுக்கொண்ணு செங்குத்தான ரெண்டு பக்கத்துல, முளை அடிச்சு கம்பத்தோட ஒரு ஸ்க்ரூல புடிச்சு விடுங்க. ரசமட்டத்த ஒரு முகத்துல மட்டும் வச்சுப் பாத்துட்டு விட்டுறாதீங்க, அடுத்த முகத்துலயும் வைக்கணும். உருண்டைக் கம்பம்னா ரசமட்டம் ஏமாத்தும், நுனி ஒல்லியாவும் அடி பருமனாவும் இருக்கும்ல, அதுக்கு தூக்குக்குண்டுதான் சரி, ரெண்டு பக்கமும் தள்ளி நின்னு ஒரு கண்ண மூடிட்டுப் பாருங்க. பாதி ஊத்துனதும் ஒரு தடவ பாருங்க, முழுக்க ஊத்துனதும் ஒரு தடவ. கம்பியால குத்திக் குத்தி விடுங்க, காத்து வெளிய வரணும். அப்புறம் ஈரச் சாக்கு போட்டு மூடி ரெண்டு மூணு நாள் நனைச்சு விடுங்க, முட்டுக் கட்டைய அவசரப்பட்டு எடுக்காதீங்க. பாக்ஸ அதுக்கப்புறம்தான் மாட்டணும். குரங்கு உங்க பேச்ச கேக்காது, அதுக்கு மட்டும் ஏதாவது பண்ணிக்கோங்க.

சன்னி_அங்கிள்_யூனிட்3

குரங்குக்கு: பாக்ஸ் மேல தட்டையா இருந்தா அது உக்காரும், கூரை மாதிரி ரெண்டு பக்கம் சரிவா ஒரு தகரம் மடிச்சு போட்டுருங்க, வழுக்கும். கூரான முள்ளு ஆணி எல்லாம் வைக்காதீங்க, பாவம், போஸ்ட்காரர் கையும் கிழியும். பாக்ஸுக்குள்ள தின்னுற பொருள் எதுவும் வைக்காதீங்க. எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி பேப்பர்காரருக்கு வடை பார்சல் வச்சாங்க, அதோட அந்தக் கதவு போச்சு.

பாக்ஸ நேரா கம்பத்து நுனியில ஆணி அடிக்காம, நடுவுல ஒரு பலகை வச்சு, பலகைய கம்பத்துல ரெண்டு நீள போல்ட்ல புடிங்க, பெரிய வாஷர் போட்டு. பாக்ஸ் கெட்டா பாக்ஸ மட்டும் கழட்டலாம். கம்பத்து நுனியில தண்ணி எறங்காம மருந்து தடவி மேல ஒரு தகர மூடி.

பூட்டாத_கேட்

அந்த ஃபோம் பத்தி யாருமே சொல்லல. ரெண்டு கலவைய கலந்து ஊத்துனா நிமிஷத்துல பொங்கி கெட்டியாகுமே, தூக்கிட்டு வர பாரமும் இல்ல.

கொலுறு_மேஸ்திரி

கம்பம் நல்லா இருந்து மண்ணும் நல்லா இருந்தா ஃபோம் நிக்கும் தம்பி, வேலியில போட்டு பாத்திருக்கேன். வேகமா கெட்டியாகுறதுதான் அதுல தொல்லை, நட்டது கோணலா போச்சுன்னா திருத்த நேரமே கிடைக்காது. வெயில் பட்டா மேல் பக்கம் பொடியும், மண்ணு போட்டு மூடணும். பாரத்துக்கு பாரமும் கிடையாது அதுல, இவரு சரிவுல எனக்கு நம்பிக்கை இல்ல.

நெல்லைக்காரன்_டர்பன்

முடிஞ்சுது. பக்கத்து வீட்டு அங்கிள் பக்கியில (பிக்கப் வண்டி) போய் கம்பமும் பையும் ஏத்திட்டு வந்தோம், H4 முத்திரை தேடித் தேடி எடுத்தேன், அடுக்குல பாதிக்கு மேல H3தான் இருந்துச்சு. குழி தோண்டும்போது ஒரு அடிக்குக் கீழ ஆரஞ்சு கலர்ல ஒரு பைப்பு தெரிஞ்சுது, ஃபைபர் பைப்பாதான் இருக்கும், மெதுவா தோண்டுனதால பொழைச்சோம், ஒரு முழம் தள்ளி மறுபடி போட்டேன். பழைய கம்பத்த புடுங்குனதும் உள்ள கரையான் இருந்துச்சு, அந்தக் கட்டைய வீட்டுப் பக்கம் கொண்டு வராம தூர போட்டாச்சு. தூக்குக்குண்டு இல்ல, நூல்ல ஒரு பெரிய போல்ட் நட்டு ஒண்ணக் கட்டித் தொங்க விட்டேன், வேலை நடந்துச்சு. காங்கிரீட் மேல சரிவா தேய்ச்சு விட்டேன். நேத்து ராத்திரி மழை, தண்ணி செங்கல் வரிசையோட அந்தாண்ட போயிருச்சு, கம்பத்தடி காஞ்சுதான் கெடக்கு.

ஒண்ணு கேக்கணும். கம்பம் கொஞ்சம் உசரமா இருந்துச்சுன்னு மேல் நுனியில ஒரு முழம் அறுத்தேன், அறுத்த எடத்துல மருந்து தடவிட்டேன். அந்தத் துண்டு சும்மா கெடக்கு. சனிக்கிழமை மச்சான் குடும்பத்தோட வாரான், பிராய் (விறகு நெருப்புல கறி சுடுறது) போடப் போறோம், விறகோட சேத்து அதையும் போட்டுரவா?

சன்னி_அங்கிள்_யூனிட்3

டேய் வேணாம்!! அதுல இருக்குறது செம்பு, குரோமியம், ஆர்சனிக். ஆர்சனிக்னா பாஷாணம்டா. எரிச்சா புகையிலயும் வரும், சாம்பல்லயும் நிக்கும், அது மேல கறி சுட்டு புள்ளைங்களுக்குக் குடுக்கவா? அறுத்த தூளையும் கூட்டி அள்ளி பையில கட்டிரு, தோட்டத்துல கொட்டாத, கைய கழுவு. துண்ட குப்பை டம்ப்ல குடுத்துரு, இல்ல செடி ஓரத்துல முட்டு குடுக்க வச்சுக்கோ, கீரைப் பாத்தி பக்கம் மட்டும் வேணாம்.

பிராய்க்கு கருவேல மரம் ஒரு மூட்டை என்கிட்ட இருக்கு, யூனிட் 3க்கு வந்து எடுத்துக்கோ. கறி நான் கொண்டாறேன்.